பேர் வெட்டிய பாத்திரம் தராசில் ஏறக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் சாமான் அறைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். தோட்டத்துப் பக்கம் ஸ்டோர் என்றால் தேயிலை ஃபெக்டரி என்றுதான் விளங்கிக்கொள்வார்கள், அதனால் சாமான் அறை என்றே எழுதுகிறேன். அரிசி மூட்டை, எண்ணெய் டின், காஸ் சிலிண்டர், பியர் பீப்பாய் என்று எது உள்ளே வந்தாலும் எது வெளியே போனாலும் என் புத்தகத்தில் பதிந்துதான் போகும்.

போன ஏப்ரல் சீசனில் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, வாவிக் கரையில் கடைகள், கொழும்பிலிருந்து வருகிற வாகனங்கள் வரிசையாக நிற்கும் பாதை, எல்லாம் உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். கூட்டம் வடிந்த பிறகு காலிச் சாமான்களை எண்ணினால் மூன்று பியர் பீப்பாய் குறைகிறது. மறுபடி எண்ணினோம். குசினிக்குப் பின்னால், ஜெனரேட்டர் கொட்டிலுக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தில், எங்கும் இல்லை. நிர்வாகம் நீண்ட விசாரணை எதுவும் வைக்கவில்லை. அந்த இரண்டு வாரமும் பின்வாசல் பக்கம் வேலை செய்த நான்கு பையன்களுக்குத் தொகையைப் பங்கு போட்டு மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இரண்டு பேர் கந்தப்பளை, ஒருவன் இராகலை, ஒருவன் லபுக்கலை. நான்கு பேரும் தோட்டத்துப் பிள்ளைகள், வீட்டுக்குக் காசு அனுப்புகிறவர்கள். அவர்கள் எடுத்திருக்க மாட்டார்கள் என்றே நான் நம்புகிறேன். காணாமல் போனதில் ஒரு பீப்பாயைப் பிறகு நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

மூன்று வாரம் இருக்கும். வேறு வேலையாக மலையிறங்கிப் போகும்போது வழியில் ஒரு பழைய இரும்புக் கடை, நசுக்கிய டின் சாக்குகளுக்குப் பின்னால் எவர்சில்வர் மினுக்கம் தெரிந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பீப்பாயின் மேல் வளையத்தில் கம்பனியின் பேர் மேடாக அடித்திருக்கும், அதில் கிரைண்டர் பிடித்து அரைத்திருந்தார்கள். முதல் இரண்டு எழுத்து போய்விட்டது, மிச்ச எழுத்துகளை விரலால் தடவினாலே தெரிந்தது. அடிப்பக்கத்தில் நீலப் பெயின்டில் 17 என்று நான் போட்ட இலக்கம் அப்படியே இருந்தது, அந்த ஏழின் வால் வழிந்தது கூட என் கை வேலைதான்.

கடைக்காரர் கெட்ட மனிதர் மாதிரித் தெரியவில்லை. "தம்பி, ஆட்டோவில கொண்டு வந்தாங்க, நிறுத்தேன், காசு குடுத்தேன். யாரு எவருன்னு கேட்டா நான் கடை நடத்த முடியுமா? வேணும்னா நான் குடுத்த காசைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். அந்தளவு காசு என் கையில் இல்லை. போனில் படம் எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். எடுத்தவனை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை. கடைக்காரருக்கு இது திருட்டுச் சாமான் என்று தெரியுமா என்று கேட்டார்கள். அவர் மனதுக்குள் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார்கள், வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் பின்னேரம் போய்ப் பார்த்தபோது அந்த இடத்தில் பீப்பாய் இல்லை. லொறி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம்.

இதை வாசிக்கிற பலருக்கு ஒரு கேள்வி வரும், பியர் பீப்பாய்க்கு இவ்வளவு கவலையா என்று. எனக்கும் குடியின் மேல் ஆசை கிடையாது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சம்பள நாளன்று எத்தனை வீட்டில் சண்டை நடந்தது என்று பார்த்துத்தான் வளர்ந்தேன், நான் தொட்டதே இல்லை. இந்த ஊருக்கும் பியருக்கும் உள்ள பழக்கம் வெள்ளைக்காரன் காலத்தது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இங்கே குடியேறி விவசாயம் செய்த காலத்திலேயே ஆரம்பித்தது, 1881 இல் பியர் ஆலையும் வந்தது, இன்று அந்தக் கம்பனியின் ஆலை பியகமவில் இருக்கிறது. அதைப் புகழ்வதற்காக நான் எழுதவில்லை. பீப்பாய் போனால் கம்பனியும் தாங்கும், ஹோட்டலும் தாங்கும். மாதச் சம்பளத்தில் பிடிக்கிற பையன் தாங்க மாட்டான். நான் பேசுவது அந்தப் பிடிப்பைப் பற்றி.

பீப்பாயைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரப் பீப்பாய் இல்லை, எவர்சில்வர். 50 லீட்டர் பிடிக்கிறது காலியாக இருக்கும்போதே பத்து கிலோவுக்கு மேல் இருக்கும், நிறைந்திருந்தால் தனியாகத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். மேலிருந்து அடிவரை நடுவில் ஒரு குழாய், அதன் தலையில் ஸ்பிரிங் வைத்த வால்வு. காஸ் உள்ளே போய் அழுத்த, பியர் அந்தக் குழாய் வழியாக மேலே ஏறி வரும். பத்திரமாகப் பாவித்தால் இருபது வருடத்துக்கு மேல் உழைக்கும். விற்பது பியரை மட்டும்தான், பீப்பாய் முற்பணம் கட்டி வாங்கும் இரவல் பாத்திரம். காலியானதும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால்தான் கம்பனி அதில் பேரை அடித்து அனுப்புகிறது.

பாத்திரத்தில் பேர் வெட்டுவது நமக்குப் புதிதா? கல்யாணத்துக்குக் கொடுக்கிற குடத்தில், தட்டில், தூக்குச் சட்டியில் பேரும் தேதியும் வெட்டித்தான் கொடுப்பார்கள். கோயில் திருவிழாவுக்கு நான்கு வீட்டுச் சட்டியும் ஒன்றாகக் கலந்தாலும் பேரைப் பார்த்துப் பிரித்து எடுத்துக்கொள்வோம். இன்னொருவர் பேர் வெட்டிய பாத்திரத்தை யாராவது கொண்டு வந்து விற்றால் அம்மா வாங்குவாரா? யாருடையது என்று கேட்பார், கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வீட்டுப் பழக்கம் பழைய இரும்புக் கடைக்கு மட்டும் ஏன் இல்லை என்பதுதான் நான் கேட்பது.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே செய்திருக்கிறார்கள். அங்கே 2007 ஆம் ஆண்டளவில் பீப்பாய்த் திருட்டு பெரிய தலைவலி ஆனது. எவர்சில்வரில் நிக்கல் கலந்திருக்கிறது, அந்த வருடம் மே மாதம் உலகச் சந்தையில் நிக்கல் விலை தொன்னுக்கு 50,000 டொலரையும் தாண்டியது. பீப்பாய்க்கு வாங்கும் முற்பணம் பல இடங்களில் 10 டொலர், 30 டொலர் அளவில்தான் இருந்தது, புதுப் பீப்பாய் செய்யக் கம்பனிக்கு 100 டொலருக்கு மேல் ஆகும். திருப்பிக் கொடுத்தால் கிடைக்கிற முற்பணத்தைவிட உடைத்து விற்றால் கூடக் கிடைக்கும் என்று வந்துவிட்டால் பீப்பாய் எந்தப் பக்கம் போகும்? முற்பணத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். வீட்டு விருந்துக்கு எடுத்துப் போனவர் அதனால் திருப்பிக் கொண்டுவருவார், சரி, கடையின் பின்வாசலில் இரவோடு இரவாகத் தூக்குகிறவன் என்ன முற்பணம் கட்டினான்?

அதனால் பல மாநிலங்களில் வாங்குகிறவர் பக்கம் திரும்பினார்கள். வாசகம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சாரம் ஒன்றுதான். பியர் கம்பனியின் அடையாளம் உள்ள பீப்பாயைப் பழைய உலோக வியாபாரி அந்தக் கம்பனியிடமிருந்தோ, விற்க உரிமை உண்டு என்று எழுத்தில் காட்டுகிறவரிடமிருந்தோ தவிர வாங்கக் கூடாது. அடையாளத்தை அரைத்தோ அழித்தோ கொண்டு வந்தாலும் வாங்கக் கூடாது. எனக்கு இதில் பிடித்த இடம் இந்தக் கடைசி வரிதான். என் 17 ஆம் இலக்கப் பீப்பாயின் கழுத்தில் கிரைண்டர் அடித்த தழும்பே அங்கே குற்றத்தைச் சொல்லிவிடும். இங்கே அதே தழும்பு திருடனுக்குப் பாதுகாப்பு. அங்கே வியாபாரிகள் சங்கமே, இன்ன இடத்தில் இன்ன உலோகம் களவு போயிருக்கிறது என்று பக்கத்து வியாபாரிகளுக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாட்டையும் வைத்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2013 ஆம் ஆண்டின் பழைய உலோக வியாபாரிகள் சட்டப்படி லைசன்ஸ் வேண்டும், விற்கிறவரின் பேரையும் முகவரியையும் உறுதிப்படுத்த வேண்டும், பழைய உலோகத்துக்குக் கையில் காசாகக் கொடுக்கவே கூடாது. காசோலை அல்லது வங்கிக் கணக்கு. திருடனுக்குக் காசோலையில் தன் பேர் ஏறுவதைப் போல பயம் வேறு இல்லை.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1883 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற தண்டனைச் சட்டக்கோவையில் திருட்டுப் பொருளை வாங்குவது குற்றம்தான், 394 ஆம் பிரிவு. ஆனால் அது திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினார், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினார் என்று நிரூபிக்க வேண்டும். "நிறுத்தேன், காசு குடுத்தேன்" என்ற ஒரு வார்த்தையில் அந்த இடத்திலேயே வழக்கு நின்றுவிடுகிறது. ரயில் பாதையின் கொக்கியையோ மின்சார சபையின் கம்பியையோ எடுத்தால் 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டம் இருக்கிறது, அதில் பிணை எடுப்பதே கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். பியர் பீப்பாய் தனியார் சொத்து, அதற்கு அந்தச் சட்டம் வராது. எடுக்கிறவனுக்குத் தண்டனையைக் கூட்டிக்கொண்டே போனாலும், எடுத்ததை மறுநாள் காலையில் காசாக்க ஒரு தராசு திறந்திருக்கிற வரைக்கும் அவன் எடுத்துக்கொண்டுதான் இருப்பான்.

வாங்குகிறவரைக் கட்டுப்படுத்துவது நம் மலையகத்துக்குத் தெரியாத விஷயமும் இல்லை. கழிவுத் தேயிலையை லொறியில் ஏற்றி ஒரு சந்தி தாண்டிப் பாருங்கள், அனுமதிப் பத்திரம் எங்கே என்று நிறுத்துவார்கள். கொழுந்து வாங்குகிற வியாபாரிக்குப் பதிவு வேண்டும். மரம் ஏற்றப் பெர்மிட். வீட்டில் வளர்த்த மாட்டை ஏற்றிப் போவதற்குக் கூட யாருடைய மாடு என்று காட்டப் பத்திரம் வேண்டும். அடகுக் கடையில் ஒரு கிராம் மோதிரத்தை வைக்கப் போனால் அடையாள அட்டையை வாங்கி எழுதிக்கொள்கிறார்கள். மோதிரத்துக்குக் கேட்கிறார்கள், மாட்டுக்குக் கேட்கிறார்கள், தேயிலைத் தூசுக்குக் கேட்கிறார்கள், பேர் அடித்த எவர்சில்வர் பீப்பாய்க்கு மட்டும் யாரும் எதையும் கேட்பதில்லை.

பீப்பாயோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. 2022 இல் பொருளாதாரம் விழுந்த சமயத்தில் எங்கள் லயத்துத் தண்ணீர்ப் பீலியில் இருந்த பித்தளைப் பைப்பை ஒரு இரவில் கழற்றிக்கொண்டு போனார்கள். அரைக் கிலோ கூட வராது. ஆனால் அந்த இரவு முழுக்கத் தண்ணீர் ஓடி மேலே இருந்த டேங்க் வற்றிவிட்டது, விடியற்காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போவதற்கு முன் தேத்தண்ணி வைக்கக் கூட இருபத்திரண்டு வீட்டில் ஒரு சொட்டு இல்லை. என் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து டிவிசனுக்கு ஏறிப் போனார். ஒரு குச்சியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றி ஓட்டையில் அடைத்து வைத்தார்கள், இரண்டு வாரம் அந்தக் குச்சிதான் எங்கள் பைப். தண்ணீர் வேண்டுமானால் குச்சியைப் பிடுங்க வேண்டும், பிடுங்கினால் முகத்தில் அடிக்கும், திருப்பிச் சொருகுவதற்குள் சேலை நனைந்துவிடும், அந்தக் குளிரில். பிறகு பிளாஸ்டிக் பைப் ஒன்று போட்டார்கள், அதுவும் வருடத்துக்கு இரண்டு தடவை உடைகிறது. பித்தளைப் பைப்புக்கு அன்று யாரோ ஒருவர் காசு எண்ணிக் கொடுத்திருப்பார். கழற்றின அடையாளம், ஸ்பேனர் கடித்த தழும்பு, உள்ளே ஈரம் எல்லாம் அதில் இருந்திருக்கும். பார்க்காமலா வாங்கினார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. காலிப் பீப்பாய் என்று நாம் சொன்னாலும் உள்ளே காஸின் அழுத்தம் மிச்சம் இருக்கும். முறை தெரியாமல் வால்வைத் திருகினால் அந்த நடுக் குழாய் ஈட்டி மாதிரிப் பாயும், மூடியபடி நெருப்பில் போட்டால் வெடிக்கும். காஸ் சிலிண்டரும் அப்படித்தான், முழுசாகக் காலியாகாததைக் கட்டர் வைத்து அறுத்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. இந்தக் கடைகளில் அறுக்கிற வேலை செய்வது யார்? பதினெட்டு இருபது வயதுப் பையன்கள், கையுறை கூட இல்லாமல். திருட்டு வாசலை அடைத்தால் அவர்களுக்கும் பாதுகாப்பு.

சரி, என்ன செய்யலாம்? பாராளுமன்றத்தில் சட்டம் வர வேண்டும், அதை நம் மலையகப் பிரதிநிதிகள் கேட்க வேண்டும், பேர் அடித்த பீப்பாய், காஸ் சிலிண்டர், தண்ணீர் மீட்டர், மின் கம்பி, ரயில் பாதைச் சாமான் இவற்றை உரிமையாளரின் எழுத்து இல்லாமல் வாங்குவதே குற்றம் என்று ஒரு வரியில் எழுத வேண்டும், தெரிந்து வாங்கினாரா தெரியாமல் வாங்கினாரா என்ற கேள்விக்கே அங்கே இடம் இருக்கக் கூடாது. அடையாளத்தை அரைத்திருந்தால் அதுவே போதுமான எச்சரிக்கை என்றும் எழுத வேண்டும். அது வருகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வியாபார அனுமதிப் பத்திரத்தை வருடா வருடம் கொடுப்பது நம் மாநகர சபையும் பிரதேச சபைகளும்தானே. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் துணைவிதி, அதாவது சபை தன் பகுதிக்கென்று போடும் விதி, செய்யும் அதிகாரம் இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்குப் பத்திரம் கொடுக்கும்போது புத்தகம் ஒன்று வை, விற்கிறவரின் அடையாள அட்டை இலக்கத்தையும் ஆட்டோ இலக்கத்தையும் எழுது, சாமானைப் போனில் ஒரு படம் எடு, வாங்கினதை ஏழு நாளைக்கு அறுக்காமல் அனுப்பாமல் அப்படியே வை என்று நிபந்தனை போட முடியாதா? அந்த ஏழு நாள் இருந்திருந்தால் என் 17 ஆம் இலக்கம் மறுநாளே மறைந்திருக்காது, பொலிஸ் வந்து பார்த்திருக்கலாம், நான்கு பையன்களின் சம்பளமும் தப்பியிருக்கும்.

கடைக்காரர்களுக்கும் இது நல்லது என்றுதான் நினைக்கிறேன். நேர்மையாக நடத்துகிறவர் இன்று திருட்டுச் சாமானைத் திருப்பி அனுப்பினால் அது அடுத்த கடைக்குப் போகிறது, அவருக்குத்தான் நட்டம். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் அந்தப் பயம் இல்லை. ஹோட்டல்களும் கடைகளும் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டால், காணாமல் போன அன்றே படத்தைப் போடலாம், அதற்குச் சட்டம் கூடத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கட்டுப்பாடு சாக்குத் தோளில் போட்டு லயம் லயமாக வந்து போத்தல், பழைய சட்டி, நெளிந்த தகரம் வாங்குகிற ஆள் மேல் விழக் கூடாது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்தில் வேலை கிடைக்காத நம் ஆட்கள்தான். பழைய சட்டிக்குப் பத்திரம் கேட்டு அவர்களை ரோட்டில் நிறுத்தி அலைக்கழித்தால், பெரிய தராசு வைத்து லொறியில் ஏற்றுகிறவர் தப்பிவிடுவார், சாக்குக்காரர் மாட்டிக்கொள்வார், இந்த நாட்டில் பல சட்டங்கள் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. விதி தராசுக்குத்தான் வேண்டும், சாக்குக்கு வேண்டாம். பேர் உள்ள சாமான், இத்தனை கிலோவுக்கு மேல் என்று கோடு கிழித்தாலே போதும்.

அப்புறம் ஹோட்டல் முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. களவு போனதற்கு ஆதாரம் இல்லாமல் தொழிலாளியின் சம்பளத்தில் கை வைப்பதை நிறுத்துங்கள். பின்வாசலுக்கு ஒரு பூட்டும் ஒரு கேமராவும் போட ஆகிற செலவு, நான்கு பையன்களிடம் பிடிக்கிற தொகையை விடப் பெரிதாக இருக்காது. படத்தைக் காட்டி நான் பேசிப் பார்த்தேன், பீப்பாயைக் கொண்டு வந்தால் பிடிப்பை நிறுத்துகிறோம் என்றார்கள். இராகலைப் பையன் அடுத்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போகப் போவதாகச் சொல்கிறான், இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரைத்த எழுத்தும் நீல இலக்கமும் தெரிகிற அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சபை உறுப்பினர் யாராவது இந்தத் துணைவிதியைக் கொண்டுவர முன்வந்தால், உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்லி அனுப்பட்டும், லீவு போட்டு வந்து சபையிலேயே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஹோட்டல் சாமான் அறை ஊழியர்,
நுவரெலியா.

(என் பேரையும் வேலை செய்யும் இடத்தையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)